வில்சன் நோயில் மனம் மாறும்போது முதலில் யாரிடம் போவது? பெங்களூரில் உள்ள நான்கு வழிகள்

உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் என்று உறுதியாகி, மருந்தும் தொடங்கி, கை நடுக்கம் ஓரளவு அடங்கிய பிறகுதான் பல குடும்பங்களுக்கு இரண்டாவது கவலை வருகிறது. பிள்ளை சிறு சொல்லுக்கும் எரிந்து விழுகிறான். அல்லது எதிலும் நாட்டமில்லாமல் மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கிறான். படித்தது மனத்தில் நிற்கவில்லை என்கிறான். சேர்ந்த வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு வருகிறான். இது நோயின் வேலையா, மாத்திரையின் விளைவா, இருபது வயதின் இயல்பா, வாழ்நாள் முழுதும் மருந்து என்று கேட்டதால் வந்த துயரமா என்று வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. தெரியாத நிலையிலும் அடுத்த வாரம் யாரிடம் போவது என்று முடிவு செய்தாக வேண்டும். பெங்களூரில் அதற்கு நான்கு வழிகள் உண்டு. ஏற்கெனவே பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடமே திரும்பிப் போய்த் தாமிரக் கணக்கைச் சரிபார்க்கலாம். நேராக மனநல மருத்துவரிடம் போகலாம். நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கும் நரம்பு உளவியல் சோதனை கேட்கலாம். வீட்டுக்கு அருகில் உள்ள ஆலோசகரிடமோ தொலைபேசி உதவி எண்ணிலோ தமிழில் பேசித் தொடங்கலாம்.

என் தம்பிக்கு இந்த நோய் உண்டு. நாங்கள் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். நான் மருத்துவர் அல்ல. மருத்துவமனை வராந்தாக்களில் நிறைய நேரம் செலவிட்டு, கிடைத்ததையெல்லாம் படித்து, இதே நோயுள்ள வேறு சில குடும்பங்களோடு பேசிய அக்கா. எனவே கீழே மருந்துகளைப் பற்றி வருபவற்றை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வரிசையைத் தீர்மானிப்பது நோயின் தன்மைதான். உணவில் வரும் தாமிரத்தில் உடலின் தேவைக்குப் போக எஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்ற வேண்டும். அதற்கு உதவும் ஏ.டி.பி.7பி என்னும் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் தாமிரம் முதலில் கல்லீரலில் தேங்கி, பின்னர் ரத்தத்தின் வழியே மூளை, கண், சிறுநீரகம் ஆகியவற்றில் படிகிறது. தாய், தந்தை இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு நலமாகவே இருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் பெண் எடுக்கும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பெங்களூர் மருத்துவர்களுக்கு இது புதியதல்ல: இங்குள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் முப்பதாண்டுகளில் தாங்கள் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் ஒரே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். (நிம்ஹான்ஸை ஒட்டி இருக்கும் வில்சன் கார்டன் பகுதிக்கும் நோயின் பெயரில் உள்ள வில்சனுக்கும் தொடர்பில்லை, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் எங்கள் உறவினர்கள் தவறாமல் கேட்பதால் சொல்லி வைக்கிறேன்.)

மனக்குறிகள் இந்த நோய்க்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் எழுதிய முதல் நீண்ட கட்டுரையிலேயே மனநிலை மாற்றங்கள் இடம்பெற்றிருக்கின்றன. மூளையில் தாமிரம் அதிகம் சேதப்படுத்தும் இடம் அதன் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகள். அவை கைகால் அசைவை மட்டும் நடத்துவதில்லை, நெற்றிப் பகுதி மூளையோடு இடைவிடாமல் தொடர்புகொண்டு திட்டமிடுதல், பொறுத்திருத்தல், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுதல் ஆகியவற்றிலும் பங்கேற்கின்றன. அதனால் மனச்சோர்வு, எரிச்சல், திடீர்க் குணமாற்றம், சிலருக்கு மிதமிஞ்சிய உற்சாகம், அரிதாகக் குரல்கள் கேட்பது போன்ற நிலை என்று பலவும் வரக்கூடும். அறிதிறனில் பெரும்பாலும் அடிபடுவது வேகமும் ஒழுங்கமைப்பும். சொல்வளமும் பொது அறிவும் பலருக்கு அப்படியே இருக்கின்றன. பேசினால் தெளிவாகப் பேசும் பையன் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அரை நாள் எடுத்துக்கொள்வது சோம்பலால் அல்ல என்று உறவினர்களுக்குப் புரிய வைப்பது எளிதாக இல்லாததற்கு இதுவே காரணம்.

தாமிரக் கணக்கிலிருந்து தொடங்குவது

முதல் வழி, நரம்பியல் மருத்துவரிடமே திரும்பிப் போவது. இந்த நோயில் அதற்குத் தனி எடை உண்டு, ஏனெனில் மனத்தைக் குலைக்கும் பொருளையே உடலிலிருந்து இறக்க மருந்து இருக்கிறது. ஹன்டிங்டன் நோயை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: அதிலும் மரபணுவே காரணம், அதிலும் உடல் அசைவு தடுமாறும் முன்பே குணமும் சிந்தனையும் மாறலாம், ஆனால் காரணத்தை நீக்கும் மருந்து இல்லை, எனவே அந்தக் குடும்பம் மனநல மருத்துவத்திலிருந்தே தொடங்கினால் தவறில்லை. வில்சன் நோயில் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் 1956இல் தாமிரத்தை இறக்கும் பெனிசிலமைனைக் கொண்டுவந்ததிலிருந்து நிலைமை வேறு. அதன் பிறகு டிரையென்டைனும் துத்தநாகமும் வந்தன. மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் மனத்துக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது இந்த நோயில் பாதி வேலைதான்.

பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள தாமிரம். ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கேனில், காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு வருவதையெல்லாம் சேர்த்து, மறுநாள் காலை முதல் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். சொல்வது சுலபம், வேலைக்குப் போகும் இளைஞனுக்கு அந்தக் கேனைப் பையில் மறைத்துத் தூக்கிக்கொண்டு போவதே பெரிய அவமானம். ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் திங்கள் காலை கொடுப்பதுதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. பெனிசிலமைன் நிலையாக எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருந்தால் பொதுவாகத் திருப்தி என்பார்கள். அதைவிடக் குறைந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: உடலில் தாமிரம் வற்றிவிட்டது, அல்லது மருந்து உள்ளே போகவே இல்லை. ரத்தத்தில் புரதத்தோடு கட்டுறாமல் திரியும் தாமிரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எது என்று பிரித்தறியலாம். மருந்து மிஞ்சித் தாமிரம் அளவுக்கு மீறிக் குறைவதும் நல்லதல்ல. ரத்த அணுக்கள் குறையும், நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

எங்கள் வீட்டில் மாத்திரை உள்ளே போகவில்லை. பீரோவின் மேல்தட்டில், பழைய பள்ளிக்கூடப் பைக்குள், பிரிக்காத அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெனிசிலமைனைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். காலை காபி, மதிய டப்பா, இரவுச் சாப்பாடு என்று ஓடும் நாளில் மூன்று இடைவெளி கண்டுபிடிப்பது அவனுக்கு முடியவில்லை. "எல்லாரும் டப்பா திறக்கிறப்ப நான் மட்டும் மணி பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கா? என்னடா வியாதின்னு கேக்கிறானுங்க" என்றான். அம்மா கேட்டபோதெல்லாம் "போட்டாச்சும்மா" என்றே சொல்லி வந்தவன் அவன். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்த வைக்கிறது, நிறுத்திய மாத்திரை சோர்வைப் பெருக்குகிறது. இந்தச் சுழலில் எது முதலில் வந்தது என்று தேடுவதில் பயனில்லை. மருத்துவர் அவனைத் திட்டவில்லை. மதிய வேளையை அவன் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிக் கொடுத்தார்.

இந்த வழியில் போனால் கேட்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. பிள்ளை களைப்பாக இருக்கிறானே என்று அம்மாக்கள் வாங்கிக் கொடுக்கும் இரும்புச் சத்து டானிக்கும், அசிடிட்டி மருந்தும் பெனிசிலமைன் உடலில் சேர்வதைக் குறைக்கும். துத்தநாகத்தையும் பெனிசிலமைனையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது. செம்புப் பாத்திரத்தில் இரவு முழுதும் தண்ணீர் வைத்துக் காலையில் குடிப்பது நம் வீடுகளில் இப்போது மறுபடி பெருகிவிட்டது; அலுவலகப் பரிசாகவே செம்பு பாட்டில் கொடுக்கிறார்கள். வில்சன் நோயாளி உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை. ஈரல், நண்டு, இறால், முந்திரி, சாக்லேட், காளான் ஆகியவற்றையும் குறைந்தது முதல் ஆண்டிலாவது தவிர்க்கச் சொல்வார்கள். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருப்பவர்களுக்கு இன்னொரு சாத்தியமும் உண்டு: கல்லீரல் வடிகட்டத் தவறும் நச்சுகளால் பகலில் தூக்கமும் இரவில் விழிப்பும், பேச்சில் குழப்பமும் வரும். அதை மனநோய் என்று எண்ணி தூக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. மலச்சிக்கலை நீக்கும் சாதாரணத் திரவ மருந்து ஒன்றே அதில் முதன்மையான சிகிச்சை. இதைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் நோயின் முழு வரலாறு தெரிந்த மருத்துவர்தான்.

குறைகளும் உண்டு. நரம்பியல் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் நடுக்கத்தைப் பார்ப்பதிலும் ரத்த அறிக்கையைப் பார்ப்பதிலும் கழிந்துவிடும். அம்மாவும் அப்பாவும் இரு பக்கமும் நிற்கும்போது, "மனசு எப்படிப்பா இருக்கு?" என்ற கேள்விக்கு "நல்லாருக்கேன் சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதைவிட முக்கியமானது காலம். தாமிரம் இறங்கி மூளை தேறுவதற்குப் பல மாதங்கள், சில சமயம் ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன. நரம்புக் குறிகள் உள்ள சிலருக்குப் பெனிசிலமைன் தொடங்கிய முதல் வாரங்களில் நிலை மோசமாவதும் உண்டு. அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடிய துன்பமா இது என்பதே அடுத்த வழியைத் தீர்மானிக்கும் கேள்வி.

மனநல மருத்துவரிடம் நேராகப் போவது

சாக வேண்டும் என்று பேசுவது, பல இரவுகள் தூங்காமல் ஓயாமல் பேசுவது அல்லது செலவழிப்பது, யாரோ பேசுவது காதில் விழுவதாகச் சொல்வது, வீட்டில் உள்ளவர்களை அடிப்பது, உணவையும் மருந்தையும் முற்றிலும் மறுப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமிரக் கணக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அன்றே மனநல அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வில்சன் நோயாளிகளிடையே தற்கொலை முயற்சி அரிதல்ல என்பது மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

அவசரம் இல்லாத சோர்வுக்கும் மனநல மருத்துவர் தேவைப்படலாம். ஆனால் எந்த மனநல மருத்துவர் என்பது இந்த நோயில் மற்ற நோய்களைவிட முக்கியம். ஏற்கெனவே காயம்பட்ட நரம்பு முடிச்சுகள் சில மனநோய் மருந்துகளைத் தாங்குவதில்லை. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் கைகால் விறைப்பையும் நடுக்கத்தையும் பேச்சுக் குழறலையும் கடுமையாக்கக்கூடும். அதனால் தேவைப்படும்போது குவெட்டியாபின் போன்ற, விறைப்பு குறைவாக உண்டாக்கும் மருந்துகளையே மருத்துவர்கள் நாடுகிறார்கள். குளோசபினுக்கும் விறைப்பு குறைவு, ஆனால் அதுவும் பெனிசிலமைனும் தனித்தனியே வெள்ளை அணுக்களைக் குறைக்கக் கூடியவை என்பதால் ரத்தத்தை விடாமல் பார்க்க வேண்டும். மனநிலையைச் சமப்படுத்தக் கொடுக்கும் வால்ப்ரோயேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். அதே வேலைக்கான லித்தியம் கல்லீரலைச் சாராமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் ஏற்றதாகத் தோன்றும். ஆனால் பெனிசிலமைன் சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுக வைப்பதால், சிறுநீரகக் கணக்கைப் பார்த்துத்தான் அதையும் தொடங்க முடியும். மனச்சோர்வுக்கு இன்று பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் இந்த நோயாளிகளுக்கும் கொடுக்கப்படுகின்றன. இவ்வளவையும் ஒரே தலையில் வைத்துப் பார்க்கக் கூடியவர் தெருமுனைக் கிளினிக்கில் கிடைப்பது கடினம். அங்கே போவதானால், சீட்டின் முதல் வரியிலேயே "வில்சன் நோய், எடுக்கும் மருந்து இது" என்று எழுதச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று போனாலும் இதே விதி.

நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருப்பது இதில் பெரிய வசதி. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் அந்த வகையில் நம் நகரத்துக்கு வாய்த்த அபூர்வம். ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவர் அதே கோப்பில் படிக்கிறார். தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கமிருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வருவதால் வராந்தாவில் நம் பேச்சு எப்போதும் காதில் விழும். குறையென்றால் கூட்டமும் காத்திருப்பும். அதற்கும் மேலே அந்தப் பெயர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிள்ளைகள் சண்டையில் ஒருவரையொருவர் "உன்ன நிம்ஹான்ஸ்ல சேக்கணும்டா" என்று திட்டிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த வாசலில் நிற்பது எளிதல்ல. என் தம்பி நரம்பியல் பிரிவுக்கு வரச் சம்மதித்தான், மனநலப் பிரிவுக்கு வர மறுத்தான். நரம்பியல் மருத்துவர் தாமே சீட்டில் எழுதி அனுப்பியபோது அது தன் நோய்க்கான இன்னொரு பரிசோதனை என்ற அளவில் ஏற்றுக்கொண்டான். முதல் வழி இரண்டாவது வழிக்குக் கதவாக அமையலாம் என்பதையும் முதல் வழியின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சோதனை, அதன் மொழி, அதன் நேரம்

மூன்றாவது வழியான நரம்பு உளவியல் சோதனை, குடும்பங்கள் மிக அதிகமாக ஆசைப்படுவதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்வதுமாகும். மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஓர் எண் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் கிடைப்பது, எந்தத் திறன் இறங்கியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்ற விவரம். நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு வயது, பாலினம், படிப்பு ஆகியவற்றுக்கு ஏற்ப இந்தியர்களுக்கென அளவுகோல் வகுத்தது; வண்ணங்களை மாற்றி மாற்றி இணைத்துக் கோடு போடுவது, சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைத்துச் சொல்வது, சொல்லப்பட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்குவது போன்ற பணிகள் இத்தகைய சோதனைகளில் உண்டு.

இங்கே பெங்களூர்த் தமிழருக்கென்று ஒரு சிக்கல் எழுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், நண்பர்களோடு இந்தியும் கலந்த பேச்சு என்று வளர்ந்த பையனின் சொல்நினைவை எந்த மொழியில் சோதிப்பது? தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமலே தமிழ் பேசும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். 'க' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்றால் அவர்கள் திணறுவது நோயால் ஆகாது. படித்த மொழியில் சோதனை நடத்தச் சொல்லிக் கேட்பதும், வீட்டில் எந்த மொழி என்று அறிக்கையில் குறிப்பிடச் சொல்வதும் நம் பொறுப்பு. இன்னொரு கவனம் கைக்கும் நாவுக்கும். எழுதும் கை விறைத்திருந்தாலோ பேச்சு குழறினாலோ நேரம் அளக்கும் எந்தச் சோதனையிலும் மதிப்பெண் குறையும். அதைச் சிந்தனையின் மந்தம் என்று படித்துவிடக்கூடாது. நல்ல சோதகர் இதைத் தாமே பிரித்து எழுதுவார். அவசரத்தில் தயாரான அறிக்கை பிரிக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, மருந்து இன்னும் நிலைபெறாத காலத்தில், அல்லது ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கும்போது எடுக்கும் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். சோர்வே கவனத்தையும் வேகத்தையும் இறக்கும் என்பதால் நோயின் நிரந்தரப் பாதிப்பு எது, தேறக்கூடியது எது என்று அதில் பிரியாது. திரும்பத் திரும்ப எடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும் என்பதால் அடுத்தடுத்து எடுப்பதும் வீண். ஆறு மாதமாவது ஒழுங்காக மருந்து எடுத்த பிறகு ஒரு முறை, பின்னர் நீண்ட இடைவெளி விட்டு இன்னொரு முறை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விதிவிலக்கு உண்டு: வரும் மாதத்தில் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க வேண்டும், வேலையை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும் என்றால், அறிக்கை உடனே தேவை. அப்போது அதன் பயன் சிகிச்சைக்கு அல்ல, கல்லூரி அலுவலகத்துக்கும் மேலாளருக்கும் காட்ட. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளில் வில்சன் நோய் தனிப் பெயராக இல்லை. ஆனால் அதனால் வரும் அசைவுக் குறை, பேச்சுக் குறை, மனநோய் ஆகியவை அந்தப் பட்டியலின் வகைகளுக்குள் வரக்கூடும் என்பதால், சான்றிதழுக்கு முயல்பவர்களுக்கும் இந்த அறிக்கை உதவும்.

தமிழில் பேசத் தொடங்குவது

நான்காவது வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் நாளின் எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இரவு இரண்டு மணிக்குத் தம்பி மொட்டைமாடிக்குப் போய் நிற்கிறான் என்றால், காலைவரை காத்திருக்காமல் பேச ஆள் இருப்பது சிறிய விஷயமல்ல. அருகில் உள்ள தனியார் ஆலோசகர்களின் நன்மை நெருக்கமும் தொடர்ச்சியும். ஆனால் பெரும்பாலான ஆலோசகர்கள் வில்சன் நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூளையின் காயத்தால் வரும் எரிச்சலைக் குடும்பச் சண்டையின் விளைவென்று விளக்கி, தந்தை மகனை அணுகும் விதத்தை மாற்றச் சொல்லி மாதங்கள் ஓட்டிவிடும் அபாயம் இருக்கிறது. எனவே நோயாளிக்கு இது மட்டுமே போதும் என்று எண்ணுவது தவறு.

குடும்பத்துக்கோ இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. எங்கள் அம்மா, தம் தாய்மாமனையே மணந்தவர். மரபணு பற்றி மருத்துவர் படம் போட்டு விளக்கிய நாளிலிருந்து நோய்க்குத் தானே காரணம் என்று எண்ணத் தொடங்கினார். அத்தை ஒருத்தி குலதெய்வக் குற்றம் என்றாள், இன்னொருத்தி செய்வினை என்றாள். நரம்பியல் ஓ.பி.யில் அம்மாவின் குற்ற உணர்வுக்கு நேரமில்லை, நோயாளி அவர் அல்ல. தாய்மொழியில், தன் சொந்தச் சொற்களில், அழுதுகொண்டே பேச ஓரிடம் அவருக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. அங்கே போய்வரத் தொடங்கிய பிறகு "போட்டியா, போட்டியா" என்று மாத்திரைக்காகத் தம்பியைத் துரத்துவது குறைந்தது. அதனால் அவன் மறைப்பதும் குறைந்தது.

வரிசை

இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்ப்பதைவிட, எதை இழந்தால் திரும்பக் கிடைக்காது என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். உயிருக்கோ மற்றவர்களின் பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தால் இரண்டாவது வழி, அன்றே, மற்றவை பிறகு. அப்படி இல்லையென்றால் முதல் வழியை அந்த வாரமே தொடங்கி, அதே வாரத்தில் குடும்பத்துக்காக நான்காவதையும் தொடங்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. தாமிரக் கணக்கு சீராக இருந்தும் மனச்சோர்வு சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது கணக்கு சீர்கெட்டிருந்தாலும் துன்பம் தாங்க முடியாததாக இருந்தால், தாமிரம் இறங்கட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருந்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். "இது நோயால் வருவது, நோய் குறைந்தால் தானே குறையும்" என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். காரணம் தாமிரம் என்பதால் துன்பம் குறைந்துவிடுவதில்லை. சோதனை கடைசியில் வரட்டும், மேலே சொன்ன விதிவிலக்குகள் தவிர.

கல்லீரல் மட்டும் பாதித்து, மூளைக் குறிகளே இல்லாதவருக்கு மனம் சோர்ந்தால் என் வரிசை கொஞ்சம் மாறும். நச்சுக் குழப்பம் இல்லை என்று உறுதியானால், அங்கே நோயின் சுமையே சோர்வுக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆலோசனையும் மனநல மருத்துவமும் முன்னே வரலாம். நோய் இன்னும் கண்டறியப்படாத குடும்பத்துக்கோ இந்தக் கட்டுரை பொருந்தாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு உறுதியான வீட்டில் இன்னொரு பிள்ளை திடீரென்று குணம் மாறினால், அவருக்கு முதலில் வேண்டியது ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செரூலோபிளாஸ்மின், சிறுநீரில் தாமிரம், கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற கண் பரிசோதனை. குணம் மாறாவிட்டாலும் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். எனக்கும் செய்தார்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரே கோப்பு, ஒரே மருந்துப் பட்டியல் என்பதை வற்புறுத்துவேன். அதன் முதல் பக்கத்தில் நோயின் பெயர், எல்லா மாத்திரைகளும் எடுக்கும் நேரத்தோடு, கடைசிச் சிறுநீர்த் தாமிர அளவு தேதியோடு, ஒவ்வாத மருந்துகள், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. கூப்பிட வேண்டியவர் யார் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன்படி வயதுவந்த ஒருவர், தனக்கு மனநோய் முற்றும் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பாகப் பேசுபவரையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனம் தெளிவாக இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை இது. முதல் வழியில் தாமிரம் கட்டுக்குள் வந்து, பேச்சும் சீராகி, நோயாளியே தன் கருத்தைச் சொல்லும் நிலையில் இருக்கும்போது, அடுத்த மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் அந்தத் தாளை எழுதிக் கோப்பில் வைத்துவிடலாம்.